ஹெலனுக்கு மட்டும் ஓடட்டும்

கிறிஸ்டோபர் மாமா என் அக்காவின் புருஷன். மாநகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஆபீஸ் நேரத்தில் யாரையும் போன் போட்டுத் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் புதன்கிழமை காலையில் விடாமல் அடித்தார். மீட்டிங்கைப் பாதியில் விட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"இன்னாம்மா லவினா, உங்க கம்பெனியெல்லாம் ஒரு கம்பெனியா? நாளைக்கும் இடம் சிக்கலையாம். போன்ல பக்கமே தொறக்கலைன்னு சொல்றா உங்க அக்கா. கால் ரெண்டும் ஊதிக்கினு கீது. செருப்பு நுழைய மாட்டேங்குது. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

"திங்கக்கிழமை போனாளா மாமா?"

"எங்க போனா? அன்னிக்கும் இதே கதைதான். உன்கிட்ட சொல்லாதேன்னுட்டா."

அக்கா ஹெலனுக்குப் போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் மிஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவள் உயிரோடிருக்க முடியும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதை என் வாயால் சொல்ல மாட்டேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தத் திறக்காத பக்கம் எங்களுடையது. ஊருக்குள் சில இடங்களில் ஒரு டிரஸ்ட் இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. முன்பெல்லாம் ஒவ்வொருவருக்கும் நிலையான நாள் இருந்தது. ஆள் வராமல் மிஷின் சும்மா கிடக்கிறது என்று சொல்லி, இந்த வருஷம்தான் ஆன்லைனுக்கு மாற்றினார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு மறுநாளைய இடங்கள் திறக்கும், முந்திக்கொண்டவருக்குக் கிடைக்கும். அந்த சைட்டைச் செய்து பராமரிப்பது ஜெயநகரில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனி. அதைப் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. உலகத்தில் எத்தனையோ சைட் இருக்கிறது, என் அக்கா உயிர் என் சைட்டிலா போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?

நேராக சிவசங்கரன் மேஜைக்குப் போனேன். எங்கள் டீமுக்கு அவர்தான் தலை. ஈரோட்டுக்காரர். குரல் உயரவே உயராது, அதனாலேயே அவரோடு சண்டை போடுவது எரிச்சலான வேலை.

"சிவா, புரொஃபைலரை ஆன் பண்ணணும். நாளைக்குக் காலைல."

"வேணாமுங்க லவினா," என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

புரொஃபைலர் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது உள்ளே எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று பிரித்துக் காட்டும் கருவி. எங்கே மாட்டிக்கொள்கிறது என்று அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் அது ஓடினால் அந்தச் சுமையில் சைட்டே கொஞ்சம் தள்ளாடும். அதனால் ஜனங்கள் புழங்கும் நிஜ சைட்டில் அதை எப்போதும் ஓடவிட மாட்டார்கள். எப்போது ஓட வேண்டும், யாருக்கு ஓட வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதி வைப்போம். தொடக்கத்தில் எல்லாருக்கும் ஓடவிட்டு ஒரு நாள் காலை சைட் படுத்தேவிட்டது. டிரஸ்ட்காரர்கள் சிவாவை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அன்றைக்கு அவர் எழுதிய நிபந்தனைதான் இன்றுவரை இருக்கிறது. உள்ளே வந்திருப்பவர் எங்கள் ஆபீஸ் ஆள் என்றால் மட்டும் ஓடும், மற்ற யாருக்கும் ஓடாது. தினமும் காலையில் நாங்கள் யாராவது ஒருவர் எங்கள் ஐடியில் போய்ப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். வாராவாரம் மீட்டிங்கில் சிவா அந்த நேரக் கணக்கைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டுவார். எல்லாம் ஒரு செகண்டுக்குள், எல்லாம் அருமை.

"எங்க அக்காவுக்குப் பக்கம் திறக்கல சிவா. ரெண்டு தடவை டயாலிசிஸ் போச்சு. அவ ஐடிக்கு மட்டும் ஓடட்டும். எங்க மாட்டுதுன்னு பாத்துடலாம்."

"நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் நல்லாத்தானுங்க திறக்குது. அவங்க போன் பழசா இருக்கும். இல்லாட்டி சிக்னல் இருக்காது."

"போன் நான் வாங்கிக் குடுத்தது. புதுசு."

"ஒருத்தருக்குன்னு தனியா ஆரம்பிச்சா அப்புறம் முடிவே இல்லைங்க. இன்னிக்கு உங்க அக்கா, நாளைக்கு இன்னொருத்தரோட மாமியார்."

எனக்கு வந்ததே கோபம்! "நான் இடமா கேட்டேன்? அவளுக்கு ஒரு சேர் போட்டுக் குடுங்கன்னா கேட்டேன்? நம்ம சைட் ஏன் திறக்கலன்னு பாக்கக் கேக்கறேன். அதுகூடப் பாக்கலைன்னா நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சிவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரே ஒரு ஐடி. நாளைக்கு ஒரு நாள். சைட் ஆடுச்சுன்னா உங்களைத்தானுங்க கை காட்டுவேன்."

"தாராளமா காட்டுங்க."

ஒரு வரிதான். உள்ளே வந்திருப்பவர் ஹெலன் என்றால் ஓடு, இல்லையென்றால் சும்மா இரு. அதை எழுதி முடித்தபோது என்னமோ அவளுக்கே மருந்து கொடுத்துவிட்டது போல எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. பைத்தியம்.

மறுநாள் காலை கம்மனஹள்ளியில் என் வீட்டுச் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஹெலனைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஏழாச்சு. திற."

"தொறந்துட்டேன்டி." குரலே இளைத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "சுத்திக்கினே கீது. ஒண்ணும் வரல."

என் திரையில் ஒன்றுமே பதிவாகவில்லை. ஹெலன் வந்தால் ஓட வேண்டிய கருவி அசையாமல் கிடந்தது. சரி, நான்தான் நிபந்தனையைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். ஐடியைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. சந்தேகத்துக்கு என் ஐடியையும் சேர்த்து எழுதி நானே பக்கத்தைத் திறந்தேன். உடனே டக்கென்று பதிவானது.

"அக்கா, மறுபடியும் திற."

"தொறந்துதான் வெச்சிருக்கேன். அய்யோ, எல்லாம் முடிஞ்சிடுச்சுடி. விடு, நாளைக்குப் பாக்கலாம்."

திரை அப்படியே இருந்தது. சமையல் மேடையில் கை ஊன்றி நின்றுகொண்டு நான் அதையே வெறித்துப் பார்த்தேன். கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சைட்டிலும் கோளாறு இல்லை. ஹெலன் உள்ளே வரவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

மெட்ரோ பிடித்து அக்கா வீடு இருக்கும் ஸ்ரீராம்புரத்தில் இறங்கி நடக்கவில்லை, ஓடினேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். சந்துக்குள் தண்ணீர்க் குடங்களுக்கு நடுவே புகுந்து, மாடிப் படி ஏறி, கதவைத் தள்ளினால், ஹெலன் தரையில் சுவரோடு சாய்ந்து கால்களைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பிப்போய்க் கண் இடுங்கியிருந்தது. திட்டுவதற்குப் பதில் கையை நீட்டினேன்.

"போனைக் குடு," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நீ இன்னிக்குப் பக்கத்தைத் திறக்கவே இல்ல. எனக்குத் தெரியும். திங்கக்கிழமைக்கும் திறக்கல, இன்னிக்குப் போக வேண்டியதுக்கும் திறக்கல. சொல்லு, எதுக்கு இந்த நாடகம்?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"சும்னே கத்தாதடி. கீழ்வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! செத்துப் போகப் பாக்கறியா?"

"எனக்கு ஏன் டக்குனு தொறக்குது?" என்றாள் ஹெலன்.

"என்ன?"

"எனக்கு மட்டும் ஏன் டக்குனு தொறக்குதுன்னு கேட்டேன். நீ இன்னாவோ பண்ணி வெச்சிருக்க. அம்மா மேல சத்தியமா சொல்லு, பண்ணல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளாகவே மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

மையத்தில் ஹெலனுக்குப் பக்கத்துப் படுக்கை சந்திரம்மாவுடையது. ஆனேக்கல்காரி. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்து பேசுவாளாம். பஸ் மாறி மாறி வந்து போகிறவள். எட்டு வருஷமாக டயாலிசிஸில் இருந்தவள். முதல் நாள் ஊசியைப் பார்த்து ஹெலன் அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டது அவள்தானாம். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்காதே, ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள் என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். இந்த ஆன்லைன் வந்ததிலிருந்து சந்திரம்மாவுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கூட்டம் குறைந்த நாளில் ஏதாவது மிஞ்சினால் உண்டு.

"உனக்கு மட்டும் எப்படி மகளே சிக்குதுன்னு கேட்டாங்க. எங்க தங்கச்சி அந்தக் கம்பெனிலதான் கீறான்னு நான் பெருமையா சொல்லிட்டேன். அப்ப என் கதையையும் அவகிட்ட சொல்லும்மான்னாங்க. உன்னை எதுக்குத் தொல்லை பண்ணணும்னு நான் சொல்லாம வுட்டுட்டேன்." ஹெலன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் ஒரு நாள் காலைல நான் அமுக்கினேன். எனக்கு சிக்குச்சு. அமுக்கினதுமே இடம் முடிஞ்சிடுச்சுன்னு வந்திடுச்சு. கடைசி இடம் என்னுது. அந்த வாரம் அவங்களுக்கு ஒரு தரம்கூட சிக்கல. பஸ்லயே உசுர வுட்டுட்டாங்கடி. ஆனேக்கல் பஸ்ல. நர்ஸ்தான் சொல்லிச்சு. நான் அன்னிக்கு ஊசி போட்டுக்கினு படுத்துக்கினு கீறேன், பக்கத்துல வேற ஒருத்தர் வந்து படுக்கறார்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அதுக்கு நீ என்ன பண்ணுவ அக்கா?"

"நான் போகலைன்னா அந்த இடம் யாருக்கோ சிக்கும் இல்ல?"

"அறைஞ்சேன்னு வை!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் உனக்கு ஒண்ணுமே பண்ணல. அம்மா மேல சத்தியம். கிளம்பு, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்காவது போலாம்."

"அங்க மட்டும் மிஷின் மரத்துலயா காய்க்குது? அங்கயும் யாரையோ தள்ளிவுட்டுட்டுதான் படுக்கணும்."

அக்காவின் கையைப் பிடித்து இழுத்தே பார்த்தேன். இத்தனை வீக்கத்திலும் பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. கையை விடுவித்துக்கொண்டு அவள் சொன்னாள். "நீ பண்ணலைன்னா, அவங்களுக்கு ஏன் தொறக்கல? அதைக் கண்டுபிடிச்சு வந்து சொல்லு. என் மனசு ஆறினா நானே போறேன்."

ஆபீஸுக்குத் திரும்பும் வழியில் ஒரே கேள்வி என்னைக் குடைந்தது. அவள் கேட்டது சரிதானே? ஒரே சைட், ஒரே நேரம். ஹெலனுக்கு உடனே திறக்கிறது, எனக்கு உடனே திறக்கிறது, சிவாவுக்கு உடனே திறக்கிறது. சந்திரம்மாவுக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை? அவளிடம் இருக்கிற, எங்களிடம் இல்லாத விஷயம் என்ன?

படியேறும்போதுதான் பொறி தட்டியது. எட்டு வருஷம்.

சிவா டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"சிவா, நம்ம ஆபீஸ்ல யாருக்காவது கிட்னி போயிருக்கா?"

அவருக்குப் புரை ஏறியது. "என்னங்க கேள்வி இது?"

"பதில் சொல்லுங்க. நம்ம ஐடி எதுலயாவது ஒரு டயாலிசிஸாவது பதிவாகியிருக்கா?"

"எப்படிங்க இருக்கும்?"

"அதைத்தான் சொல்றேன். புரொஃபைலர் நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் ஓடுது. நமக்கு நோய் இல்ல, பழைய கணக்கு இல்ல, ஒண்ணுமே இல்ல. வெறும் பக்கம். அது திறக்காம என்ன பண்ணும்? நோயே இல்லாதவங்களுக்குத் திறக்குதுன்னு வாராவாரம் பச்சைக் கோடு காட்டிக்கிட்டிருக்கோம். எட்டு வருஷமா போறவங்களுக்கு எப்படித் திறக்குதுன்னு ஒரு நாளாவது பாத்தோமா?"

சிவா கையிலிருந்த சப்பாத்தியை அப்படியே டப்பாவில் வைத்தார். அவர் வாதாடுவார் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாதாடவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "நிபந்தனையை மாத்துங்க, நானும் பாக்கறேன்," என்றார்.

ஹெலன் பெயரை எடுத்துவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு மேல் பதிவு உள்ளவர்களுக்கு ஓடட்டும், அவர்களிலும் எல்லாருக்கும் வேண்டாம், சிலருக்கு மட்டும் போதும், சைட்டுக்குப் பாரம் ஏறக் கூடாது. பெயர் எதுவும் தெரியாது, நேரம் மட்டும் தெரியும். இப்படி எழுதி வைத்துவிட்டுப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் நானும் ஆபீஸிலேயே இருந்தோம். ஏழு அடித்ததும் பதிவுகள் வரத் தொடங்கின. முதலாவதைத் திறந்து பார்த்துவிட்டு சிவா, "முருகா," என்றார்.

பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் புரோகிராம் அந்த நோயாளி இதுவரை செய்துகொண்ட டயாலிசிஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொண்டிருந்தது. எங்களுக்கு எண்ண ஒன்றுமில்லை. ஹெலனுக்குக் கொஞ்சம்தான், அவள் புதியவள். பழைய ஆட்களுக்கு ஒரு நிமிஷம் வரை போனது. அதற்குள் இடமெல்லாம் தீர்ந்துவிடும். எத்தனை ஊசி குத்திக்கொண்டார்களோ அத்தனை நேரம் கதவுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறோம். இதைவிட அநியாயம் ஒன்றை வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தாலும் எங்களால் செய்திருக்க முடியாது.

"அந்த எண்ணிக்கை பக்கத்துக்கு வேண்டியதே இல்லைங்க," என்றார் சிவா. "யாரோ என்னைக்கோ ரிப்போர்ட்டுக்குன்னு போட்டது. நானும் கவனிக்கலைங்க."

திருத்தம் சின்னதுதான். இரண்டு பேரும் சேர்ந்து மாற்றி, சோதித்துப் பார்த்து, மாலைக்குள் சைட்டில் ஏற்றிவிட்டோம். கிளம்பும்போது அவர் கேட்டார். "டிரஸ்ட்காரங்ககிட்ட இதை எப்படிங்க சொல்றது?"

"அது உங்க பாடு. நான் எங்க அக்காகிட்ட சொல்லணும்."

அன்று சாயங்காலம் ஹெலனிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இப்போது உட்கார்ந்திருப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கிறிஸ்டோபர் மாமா வாசற்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப நான் அவங்க இடத்தை எடுக்கல?"

"நீ எடுக்கல அக்கா. நாங்கதான் அவங்களை உள்ள விடல."

அவள் வெகுநேரம் அழுதாள். சந்திரம்மா, சந்திரம்மா என்று பெயரைச் சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என்மேல் அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாயிருந்திருக்கும். அழுது ஓய்ந்ததும், "காலைல போடறேன். நீ பக்கத்துல இரு," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிறிஸ்டோபர் மாமா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஹெலன் தானே பிடித்துக்கொண்டாள். ஏழானதும் அமுக்கினாள். கண் இமைப்பதற்குள் பக்கம் திறந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வீங்கிய விரலால் அவள் மையத்தின் பெயரைத் தேடித் தொட்டாள், நேரத்தைத் தொட்டாள், உறுதி செய் என்பதைத் தொட்டாள்.

இடங்கள் நிரம்பிவிட்டன என்று வந்தது.

"இன்னாது?" என்றார் மாமா.

நான் போனைப் பிடுங்கி மறுபடி பார்த்தேன். அடுத்த மையம், அதற்கடுத்த மையம். எங்கேயும் இல்லை. எல்லாம் மளமளவென்று போய்விட்டிருந்தது. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இத்தனை நாள் வெளியே நின்றவர்கள் எல்லாரும் இன்றைக்கு உள்ளே வந்துவிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள், மிஷின்கள் அதே மிஷின்கள். யாரோ பின்தங்கியதால்தான் இவ்வளவு நாள் என் அக்காவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"நீ சரி பண்ணியே, அதனாலயா?" என்று ஹெலன் கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

"பழைய ஆளுங்களுக்கெல்லாம் சிக்கியிருக்குமா?"

"சிக்கியிருக்கும்."

அவள் சிரித்தாள். அந்த உப்பிப்போன முகத்தோடு, மூச்சு விட முடியாமல், நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா சுவரில் கையால் ஓங்கிக் குத்தினார். "இன்னா பண்ணி வெச்சிருக்க லவினா? இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?"

அந்த நேரம் பார்த்து சிவா கூப்பிட்டார். "லவினா, பாத்தீங்களா? பறக்குதுங்க! பழைய பேஷண்ட்ஸ் எல்லாம் உள்ள வந்துட்டாங்க."

"எங்க அக்காவுக்குக் கிடைக்கல சிவா."

எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுகிற அந்த மனுஷன், தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒருத்தரை மட்டும் கையால உள்ள போட்டுடலாமுங்க. யாருக்கும் தெரியாது. நான் பண்றேன். ஐடி மட்டும் சொல்லுங்க."

எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. சத்தியமாக வேண்டும் என்றுதான் இருந்தது. எவள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன, என் அக்கா பிழைக்க வேண்டும். நான் வாயைத் திறந்தும்விட்டேன். ஹெலன் கையை நீட்டி என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், நான் ஹெலன் பேசறேன். என்னைப் போடணும்னா யாரை எடுப்பீங்க?"

"அது வந்துங்க..." என்று சிவா இழுத்தார்.

"அவங்களுக்கும் இப்பதான் சார் சிக்கியிருக்கு. வேணாம்," என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

அதற்குமேல் நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்பாள் என்று பயம். ஆனால் அவளே சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பு நுழையாத காலோடு வாசலுக்கு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் படியிறக்கினோம். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்தோம். மாமா கண்ணைத் துடைத்துத் துடைத்து டிரைவரிடம் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகச் சொன்னார்.

சிக்னலில் ஆட்டோ நின்றபோது ஹெலன் என் தோளில் தலையைச் சாய்த்தாள். நெஞ்சுக்குள் நீர் களகளவென்று சத்தம் போடுவது எனக்கே கேட்டது.

"லவினா."

"சொல்லுக்கா."

"நாளைக்கு ஏழு மணிக்கு முன்னாடியே என்னை எழுப்பி வுடு. மறுபடியும் போட்டுப் பாக்கறேன். இனிமே வரிசையில நானும் ஒருத்தி, பயம் இல்லாம அமுக்கலாம்."

இத்தனை நாளும் இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் வாயிலிருந்து கேட்கத் தவித்தேன். இப்போது சொல்கிறாள். நாளைக் காலைவரை அந்த மூச்சு தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுப்புகிறேன் அக்கா, கட்டாயம் எழுப்புகிறேன் என்று சொல்லி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.